கடன் வாங்கிய ஆறுதல்

சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், சுடுகிறது என்று நமக்கு உறைப்பதற்கு முன்பே கை விலகிவிடுகிறது. அந்த முடிவை மூளைகூட எடுப்பதில்லை. முதுகுத்தண்டு மட்டத்திலேயே காரியம் முடிந்துவிடுகிறது. வலியைவிட்டு விலகுவது உயிர்களுக்கு அவ்வளவு பழைய பழக்கம். அப்படிப்பட்ட உடம்பை, மனம் தாங்காத ஒரு நேரத்தில், அதன் சொந்தக்காரரே காயப்படுத்துவது எப்படி நடக்கிறது? இருக்கிற வலி போதாதென்று இன்னொன்றை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும்?

பிள்ளையின் காயத்தை முதன்முதலில் பார்த்துவிட்ட அம்மாவும், விடுதிக் காப்பாளரும், வகுப்பாசிரியரும் கேட்பது இதைத்தான். அவசரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் மூன்று. ‘எல்லாரும் தன்னைப் பார்க்கணும்னு பண்றா.’ ‘புத்தி கலங்கிடுச்சு.’ ‘சாகத் துணிஞ்சிட்டா.’

இங்கிலாந்தில் கீத் ஹாட்டன் குழுவினர் 41 பள்ளிகளில், பெரும்பாலும் 15, 16 வயதுள்ள 6,020 மாணவர்களிடம் கேட்டு, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முந்தைய ஓராண்டில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னவர்கள் 6.9%. அந்தச் சம்பவங்களில் மருத்துவமனை வரை போனவை 12.6% மட்டுமே. மற்றவை எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஊர் பார்க்கச் செய்கிறவர்கள் இவ்வளவு ரகசியமாகச் செய்யமாட்டார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குப் புத்தி கலங்கியிருக்கிறது என்பதும் நம்பும்படி இல்லை.

மூன்றாவது பதிலை அப்படித் தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலுமாக 7 நாடுகளில், 30,000க்கும் மேற்பட்ட பதின்வயதினரிடம் காரணம் கேட்டபோது, அதிகம் பேர் சொன்னது ‘தாங்க முடியாத மனநிலையிலிருந்து விடுபட’ என்பது. ‘சாக விரும்பினேன்’ என்றவர்களும் கணிசம். ஒரே ஆள் இரண்டையும் சொல்வதுண்டு. சாகும் எண்ணமே இல்லாமல் தொடங்கியவர்களுக்கும் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆகவே ‘சும்மா, சாகறதுக்கு இல்ல’ என்று கேட்டு யாரும் நிம்மதியாகத் தூங்கப் போக வேண்டாம்.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை இனி ‘சுயகாயம்’ என்போம். அது எப்படிச் செய்யப்படுகிறது என்பது இந்த அத்தியாயத்தில் எங்கும் வராது. அந்த விவரம் எதையும் விளக்குவதில்லை, தீமைதான் செய்கிறது.

மனிதர்கள் சமாளிக்கும் விதங்கள்

துன்பம் வந்தால் ஒருவர் கோயிலுக்குப் போகிறார். இன்னொருவர் பீரோவைக் கலைத்துப்போட்டு மறுபடி அடுக்குகிறார். ஒருவர் அக்காவுக்கு போன் போடுகிறார், ஒருவர் போனையே அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். இவையெல்லாம் சமாளிப்பு வழிகள். அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் எழுதிய நூல் இவற்றை இரண்டு பெரிய வகைகளாகப் பார்த்தது. ஒன்று, பிரச்சினையின் மேல் கைவைப்பது. மற்றொன்று, பிரச்சினை கிளப்பிய உணர்ச்சியைத் தணிப்பது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாடத்தைப் பிரித்து அட்டவணை போடுவது முதல் வகை. மதிப்பெண் வந்த பிறகு அட்டவணையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போது மனதை ஆற்றுவதே வேலை.

எந்த வழியும் எப்போதும் நல்லது, எப்போதும் கெட்டது என்று கிடையாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள். சமாளிப்பை மனிதனின் குணமாக அவர்கள் பார்க்கவில்லை. நேரத்துக்கு நேரம் மாறுகிற முயற்சியாகப் பார்த்தார்கள். நம் ஊரில் ‘அவன் தைரியசாலி, இவள் தொட்டாற்சுருங்கி’ என்று பட்டம் கட்டிவிடுவது எவ்வளவு மேம்போக்கானது என்பது இதைப் படித்தால் தெரியும்.

பிரச்சினையையும் பார்க்காமல், உணர்ச்சியையும் பார்க்காமல் நழுவிவிடுவதும் ஒரு வழிதான். அதற்குத் தவிர்ப்பு என்று பெயர். அளவோடு இருந்தால் அதுவும் உதவும். ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் சினிமாவுக்குப் போவதில் தவறே இல்லை. கையில் இருப்பது அது ஒன்றுதான் என்றாகும்போது சிக்கல். அதே ஆங்கிலேயப் பள்ளி மாணவர்களின் சமாளிப்பு வழிகளை ஒப்பிட்டபோது, சுயகாயம் செய்தவர்கள் பிரச்சினையை நேரில் எதிர்கொள்வது குறைவாகவும் தவிர்ப்பது அதிகமாகவும் இருந்தது. மனம்விட்டுப் பேச ஆள் இருப்பதாக அவர்கள் உணர்ந்ததும் குறைவு. தவிர்ப்பு முந்தியதா, துன்பம் முந்தியதா என்பதை இப்படி ஒரே சமயத்தில் கேட்கும் ஆய்வு சொல்லிவிடாது. அதற்கு, தவிர்க்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே தள்ளினால்

1987இல் டேனியல் வெக்னர் டெக்ஸாஸில் ஒரு எளிய சோதனை செய்தார். மாணவர்களை உட்காரவைத்து, 5 நிமிடம் ஒரு வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்றதும், முதலிலேயே அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அடக்கிய எண்ணம் வலுவோடு திரும்புகிறது.

முகத்தை அடக்குவதும் அப்படித்தான். ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் உணர்ச்சியைக் கிளறும் படங்களைக் காட்டி, சிலரிடம் மட்டும் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்றார்கள். சோகக் காட்சியின்போது அவர்கள் முகம் அமைதியாக இருந்தது. ஆனால் உள்ளே சோகம் குறையவில்லை. உடம்பின் பதற்றக் குறிகள் கூடின. ‘ஒண்ணுமில்லம்மா’ என்று சொல்லிவிட்டு அறைக்குள் போகும் பிள்ளையின் உடம்பும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

அடக்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தால்? அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏன் எனக்கு மட்டும், நான் ஏன் இப்படி என்று ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருவதை அசைபோடுதல் என்போம். சூசன் நோலன்-ஹோக்சிமா ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களின் இந்தப் பழக்கத்தை அளந்து வைத்திருந்த வேளையில், 1989 அக்டோபர் 17 அன்று லோமா பிரியேட்டா நிலநடுக்கம் அந்தப் பகுதியைக் குலுக்கியது. யாரும் திட்டமிட முடியாத சோதனை! அதே மாணவர்களை 10 நாள் கழித்தும் 7 வாரம் கழித்தும் பார்த்தார்கள். முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம் இருந்தது.

அடக்கினாலும் ஏறுகிறது, அசைபோட்டாலும் ஏறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனம்தான் எதையாவது செய்து நிறுத்தப் பார்க்கிறது.

தப்பித்தல் சொல்லித்தரும் பாடம்

அலெக்சாண்டர் சாப்மன், கிம் கிராட்ஸ், மில்டன் பிரவுன் ஆகிய மூவரும் 2006இல் இதை ஒரு விளக்கமாகக் கோத்தார்கள். சுயகாயத்தின் குறி உடம்பு அல்ல, உள்ளே தாங்க முடியாமல் இருக்கும் உணர்ச்சிதான். அந்த உணர்ச்சியை அனுபவிக்காமல் தப்பிப்பதற்கான பல வழிகளில் இது ஒன்று என்றார்கள். எந்தக் கடும் வலியும் நிற்கும் கணத்தில் ஒரு தணிவு வருவது மனித உடம்பின் பொது இயல்பு. மனம் முழுவதும் ஒரே இடத்தில் குவிவதால் சுற்றிக்கொண்டிருந்த எண்ணங்களும் கொஞ்ச நேரம் அறுபடுகின்றன. ஒரு செயலுக்குப் பிறகு துன்பம் விலகினால், அந்தச் செயலை மூளை குறித்துவைத்துக்கொள்கிறது. தலைவலி மாத்திரையைத் தேடி அலமாரிக்குக் கை தானாகப் போவதும் இந்த விதியால்தான். உளவியலில் இதை நீக்க வலுவூட்டம் எனலாம்: தொல்லை நீங்குவதே பரிசு.

மேத்யூ நாக், மிட்செல் பிரின்ஸ்டைன் இருவரும் 2004இல் இதை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். செயல் யாரைக் குறித்தது, தன்னையா மற்றவரையா? நடப்பது என்ன, ஒன்று நீங்குகிறதா, ஒன்று கிடைக்கிறதா? கட்டம் போட்டு மனிதரை அடைப்பதில் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை என்றாலும், இந்தக் கட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. பெருவாரியானவர்கள் சொல்லும் காரணம் ‘தன்னுள்ளே, தொல்லை நீங்க’ என்ற மூலையில்தான் விழுகிறது என்று காட்டியது. மற்றவர்களுக்காக என்ற பக்கம் காலியாக இல்லை. ஆனால் அங்கே இருப்பவர்களும் சொல்லிப் பார்த்து, கேட்க ஆளில்லாமல் போனவர்களாக இருக்கலாம்.

தணிவு எல்லோர் உடம்பிலும் உண்டென்றால் எல்லோரும் ஏன் இதைச் செய்வதில்லை? ஜில் ஹூலியும் ஜோசப் ஃபிராங்க்ளினும் 2018இல் கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டார்கள். பெரும்பாலோரைத் தடுக்கும் வேலிகள் இருக்கின்றன: வலி பிடிக்காமை, காயத்தைக் கண்டால் வரும் அருவருப்பு, ஊர் உலகம் ஒப்பாதது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல் தனக்குள்ள பிரியம். நம்மை நாம் கொஞ்சமாவது மதிக்கும்வரை நம் கை நம் மேல் எழாது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை, எனக்கு இது வேண்டியதுதான்’ என்று நினைப்பவருக்கு அந்த வேலி விழுந்துவிடுகிறது. காயத்தைப் பார்த்ததும் ‘உனக்கு வெட்கமா இல்ல?’ என்று கத்துகிறோமே, நாம் பிடுங்குவது எஞ்சியிருக்கும் இந்த வேலியைத்தான்.

கிடைத்த தணிவும் இலவசம் இல்லை. அது மீட்டர் வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. வாங்கிய இரவு மூச்சு விட முடிகிறது. விடியும்போது வெட்கம், மறைக்கும் பதற்றம், ‘மறுபடியும் செய்துவிட்டேனே’ என்ற வெறுப்பு எல்லாம் வாசலில் வந்து நிற்கின்றன. அசல் துன்பம் தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. வட்டியைச் சமாளிக்கவே அடுத்த கடன் தேவைப்படுகிறது.

ஒரு மாலைப் பொழுது

இனி ஒரு மாலையை எடுத்து நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்; யாரையும் குறிப்பதல்ல, விளக்கத்துக்காக அமைத்தது. அவளுடைய மனக்கொதிப்பை 0 முதல் 100 வரை அளப்பதாக வைத்துக்கொள்வோம். எண்களும் நாம் அமைத்தவையே. சிகிச்சையாளர்கள் உண்மையிலேயே இப்படித்தான் கேட்பார்கள்.

முந்தைய இரவு அவள் தூங்கியது 3 மணி நேரம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மாலை 4 மணிக்கு வகுப்பு வாட்ஸாப் குழுவில் மாதிரித் தேர்வு மதிப்பெண் வருகிறது; இயற்பியலில் 41. கொதிப்பு 45. தோழிக்கு ‘பேசலாமா?’ என்று செய்தி அனுப்புகிறாள். இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 55. ஆறரைக்கு அம்மா, “என்னடி, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்கிறாள். “ஒண்ணுமில்லம்மா.” 60. சாப்பாட்டு நேரத்தில் அப்பா, “டியூஷனுக்குக் கட்டுனதெல்லாம் எங்க போகுதுன்னு தெரியல” என்கிறார். குரல்கூட உயர்த்தவில்லை. 75. அழுகை வருகிறது, விழுங்கிக்கொள்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறாள். அப்பா சொன்னது, தோழி பதில் போடாதது, போன வருடம் ஒரு ஆசிரியை சொன்னது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. பதினொரு மணிக்கு 90. அந்த நேரம் அவள் மனதில் இருக்கும் வாக்கியம்: ‘நான் பிறந்தே இருக்கக் கூடாது, இதை எப்படியாவது நிறுத்தணும்.’

தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள். கொதிப்பு இறங்குகிறது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வெட்கத்தில் மறுபடி ஏறுகிறது. காலையில் எழும்போதே 60. நேற்று மாலை 4 மணிக்கு 45இல் தொடங்கியவள், இன்று 60இல் தொடங்குகிறாள். இயற்பியலில் இன்னும் 41தான்.

பார்க்கிறவர்களுக்குத் தெரிவது பதினொரு மணி மட்டும். 41 மதிப்பெண்ணுக்கா இப்படி என்று கேட்போம். 41க்காக அல்ல. தூக்கமில்லாத உடம்பு, பதில் வராத செய்தி, விழுங்கிய அழுகை, அசைபோட்ட மூன்று மணி நேரம் என்று அது ஒரு சங்கிலி. பதினொரு மணிக்கு 90இல் இருக்கும் மூளையிடம் புத்திமதி எடுபடாது. 45இலும் 60இலும் செய்யக்கூடியவை நிறைய இருந்தன.

ஹார்ட்ஃபோர்டில் இருந்த பெண்

இப்படிக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பதைச் சிகிச்சையின் நடுவில் வைத்தவர் மார்ஷா லினஹான். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். கடும் மனத்துயரில் திரும்பத் திரும்பத் தங்களைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்கு அவர் முதலில் வழக்கமான நடத்தைச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தார். ‘மாறு, மாறு’ என்று கேட்டவர்களுக்கு, தவறெல்லாம் தங்களுடையது என்று சொல்வதுபோல் பட்டது. சரி, உங்கள் வலி புரிகிறது என்று மட்டும் சொன்னபோது, இப்படியே இருக்க வேண்டியதுதானா என்று தவித்தார்கள். ஏற்பதையும் மாற்றுவதையும் ஒன்றாகப் பிணைத்து அவர் உருவாக்கியதுதான் இருமுக நடத்தைச் சிகிச்சை. உலகம் முழுவதும் டிபிடி என்ற சுருக்கப்பெயரில் வழங்குகிறது. 1991இல் வெளிவந்த அதன் முதல் பெரிய பரிசோதனையில், ஓராண்டில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்களிடம் சுயகாயமும் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைந்தன. பாதியில் விட்டுப்போனவர்களும் குறைவு.

2011இல், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங் மருத்துவமனையில் பேசும்போது லினஹான் வெளிப்படையாகச் சொன்னார்: 1961இல், 17 வயதில், தானும் இதே மருத்துவமனையில் இதே துயரத்தோடு அடைபட்டிருந்தவள்தான். அதன்பின் டிபிடியைப் படிக்கிறவர்களுக்கு அதன் பயிற்சிகள் ஏன் இவ்வளவு கைக்கடக்கமாக இருக்கின்றன என்பது விளங்கும்.

அதே மாலை, மறுபடியும்

பயிற்சிகள் நான்கு தொகுதி: கவனித்தல், துயர் தாங்குதல், உணர்ச்சியை ஒழுங்கு செய்தல், மனிதர்களிடம் கேட்டுப் பெறுதல். பெயர்கள் பெரிதாக இருக்கின்றன. அந்தப் பெண்ணின் மாலையில் வைத்துப் பார்த்தால் சாதாரணமானவை.

மதியம் சாப்பிட்டிருந்தால், இரவு தூங்கியிருந்தால் 4 மணியின் 45 என்பது 30ஆக இருந்திருக்கும். பசித்த, தூக்கம் கெட்ட உடம்பில் எல்லா உணர்ச்சியும் உயரத்திலேயே தொடங்கும். லினஹானின் பயிற்சியில் சாப்பாடும் தூக்கமும் தனிப் பாடமாகவே இருக்கின்றன.

ஆறரைக்கு அம்மா கேட்டபோது, ‘பயமா இருக்கும்மா, மார்க் குறைஞ்சிருச்சு’ என்றிருந்தால்? உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதே ஒரு செயல். மேத்யூ லீபர்மன் 2007இல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, கோபமும் பயமும் தெரியும் முகங்களைச் சும்மா பார்ப்பதைவிட, ‘இது கோபம்’ என்று பெயரிடும்போது அபாயமணி அடிக்கும் அமிக்டலாவின் கொதிப்பு குறைந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும் சூழல் வீட்டில் இருக்க வேண்டும். அதைப் பிள்ளை மட்டும் உண்டாக்கிவிட முடியாது.

75ஐத் தாண்டியபின் யோசனை வேலை செய்யாது; உடம்பு வழியாகத்தான் இறங்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு மெதுவாகும். நீரில் மூழ்கும் பாலூட்டிகளுக்கு உள்ள அனிச்சைச் செயல், நமக்கும் மிச்சமிருக்கிறது. இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வேகமாகப் படியேறி இறங்குவது, மூச்சை நீட்டி நீட்டி விடுவது, அம்மா பக்கத்தில் போய்ப் படுப்பது என்று பல உண்டு. எந்த உணர்ச்சியும் உச்சத்திலேயே நிற்பதில்லை, அலைபோல் இறங்கும் என்பதை உடம்பால் தெரிந்துகொள்வதே இங்கே பாடம். தவிர்த்துக்கொண்டே இருப்பவருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது; ஒவ்வொரு முறையும் அலை இறங்குமுன் ஓடிவிடுவதால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று நம்பிக்கொள்கிறார்.

பதின்வயதினருக்கென மாற்றியமைத்த டிபிடியை ஓஸ்லோவில் 77 பேரிடம் 19 வாரம் சோதித்து, 2014இல் முடிவு வெளியிட்டார்கள். மேம்படுத்திய வழக்கமான சிகிச்சையைவிட இதில் சுயகாயம் அதிகம் குறைந்தது. இந்த வடிவத்தில் பெற்றோரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பயிற்சி எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

‘இனிமே செய்யமாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணு’ என்பது நம் வீடுகளின் முதல் சிகிச்சை. கையில் இருக்கும் ஒரே வழியைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு எதுவும் கொடுக்காத ஏற்பாடு அது. சத்தியம் மீறப்படும், அடுத்த முறை இன்னும் ஆழமாக மறைக்கப்படும். காயத்துக்கு மருந்து போட்டபடியே, ‘இவ்வளவு கஷ்டத்தை நீ தனியா வச்சுக்கிட்டிருந்திருக்க, என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு’ என்று கேட்டால் சங்கிலி வெளியே வரத் தொடங்கும். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடக் கூடாது. தீங்கு செய்யக்கூடியவற்றை அகற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பங்கள் உண்டு. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

பெற்றோர் அடுத்துக் கேட்பது, இது வாழ்நாள் முழுவதும் தொடருமா என்பது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ 1,900 பேரை 1992 முதல் 2008 வரை தொடர்ந்து பார்த்தார்கள். பதின்வயதில் சுயகாயம் செய்தவர்களில் ஏறக்குறைய 90% பேர் இளைஞர்களானபோது அதைச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆய்வில், பதின்வயதில் மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்களிடம் பின்னாளில் சுயகாயம் வரும் வாய்ப்பு அதிகம் இருந்தது. காயம் ஆறி ஆறு மாதம் ஆன பிறகும் மனநல மருத்துவர் தூக்கம் எப்படி, பசி எப்படி, பள்ளியில் யாரோடு உட்காருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான்.